மாலையும் கணக்கும்: பாலியல் தொழிலாளர் முன்பணமும் அடையாள மறைவும்

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மாதவியின் மாலையைக் கூனி மறுகில் நின்று விற்கிறாள். 1008 கழஞ்சு பொன் மதிப்புள்ள அதை வாங்கிய கோவலன் மாதவியை அடைகிறான். அங்கு விலையும் வாங்குபவனும் வெளிப்படை; பணம் இடைநிற்பவள் வழியே செல்கிறது.

இன்று தனித்துத் தொழில் செய்பவர் யுபிஐ வழியாக முன்பணம் பெற்றால், வங்கிப் பதிவிலுள்ள அவரது பெயர் செலுத்துபவருக்குத் தெரிந்துவிடுகிறது. அதைத் தவிர்க்கப் பிறர் கணக்கை நாடுவதும் இடரானது. பிறரது பாலியல் தொழில் வருவாயில் அறிந்தே வாழ்வதை 1956ஆம் ஆண்டின் விபசாரத் தடுப்புச் சட்டம் 4ஆம் பிரிவில் குற்றமாக்குகிறது. ஆகவே கணக்குக்குரியவர் வழக்கில் சிக்கலாம். பணமும் அவர் கைப்பிடியிலேயே நிற்கும்.

இதற்கு மாற்றாக இரு முன்னுதாரணங்கள் உள்ளன. கொல்கத்தா சோனாகாச்சியில் பாலியல் தொழிலாளர் 1995இல் உஷா கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தம் பெயரிலேயே சேமித்தனர். 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம், இவர்களுக்கு ஆதார் வழங்குகையில் தொழிலைக் காட்டும் குறியீடு எதுவும் இடம்பெறலாகாது என ஆணையிட்டது.

இவற்றிலிருந்து பெறப்படுவது ஒன்று: கணக்கு தம் பெயரில் இருத்தல் வேண்டும், அப்பெயர் யாருக்குத் தெரியலாம் என்பதை முடிவுசெய்யும் உரிமையும் அவருக்கே வேண்டும். முன்னது மட்டும் கிடைத்தால் அடையாளம் வெளிப்படும். பின்னது மட்டும் கிடைத்தால் கூனியின் இடத்தில் இன்னொரு தரகர் நிற்பார்.