வண்டி ஒன்று, வீடு ஒன்று: பழைய சிறிய சொகுசு மோட்டார்ஹோம் வாங்கும்போது

மோட்டார்ஹோம் என்பது இன்ஜின் வைத்த வீடு. படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிடும். தமிழ்நாட்டில் படப்பிடிப்புத் தளங்களில் நிற்கும் கேரவனும் ஏறக்குறைய இதே இனம்தான். அமெரிக்காவிலும் கனடாவிலும் இது நடுத்தரக் குடும்பங்களும் ஓய்வுபெற்றவர்களும் வாங்கி, மாதக்கணக்கில் ஊர் சுற்றும் வண்டி. அங்கே பழைய மோட்டார்ஹோமுக்குப் பெரிய சந்தை உண்டு. காரணம், புதியதன் விலை. மெர்சிடிஸ் ஸ்பிரின்டர் வேனில் கட்டப்படும் ஏர்ஸ்ட்ரீம் இன்டர்ஸ்டேட் இன்று புதிதாக 2 லட்சம் டாலரைத் தாண்டுகிறது. நாலைந்து வருடம் ஓடியது என்றால் அதில் கணிசமாகக் குறையும்.

ஆனால் பழைய கார் வாங்கும் கணக்கு இங்கே பாதிதான் உதவும். கீழே இருப்பது மெர்சிடிஸோ ஃபோர்டோ செய்த வண்டி. மேலே இருப்பது வேறொரு நிறுவனம் கட்டிய வீடு. இரண்டுக்கும் ஒரே வேகத்தில் வயதாவதில்லை. ஓடோமீட்டர் வண்டியின் தேய்மானத்தை ஓரளவு சொல்லும். வீட்டைப் பற்றி எதுவும் சொல்லாது. பத்து வருடத்தில் இருபதாயிரம் மைல் மட்டுமே ஓடிய வண்டியில் தரைப்பலகை உளுத்துப்போயிருக்கலாம். எழுபதாயிரம் மைல் ஓடியதில் வீடு கச்சிதமாக இருக்கலாம். இந்த இரட்டைத் தன்மையை மனதில் வைத்துக்கொண்டு தேடுவதுதான் முதல் பாடம்.

எவை சிறியவை?

அமெரிக்க வழக்கில் மோட்டார்ஹோம்கள் மூன்று வகை. பேருந்து அளவில் பெட்டிபோல இருப்பது ‘கிளாஸ் ஏ’. ஓட்டுநர் அறைக்கு மேலே படுக்கை நீட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் ‘கிளாஸ் சி’. வேனின் இரும்பு உடலை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே வீடு கட்டினால் ‘கிளாஸ் பி’. இதன் நீளம் சுமார் 19 முதல் 24 அடி. ‘பி பிளஸ்’ என்ற பெயரும் விளம்பரங்களில் வரும். அது விற்பனையாளர்கள் வைத்த பெயர். வேனின் முன்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, பின்னால் சற்று அகலமான கூடு கட்டிய வண்டியை அது குறிக்கும்.

சொகுசுப் பிரிவில் அடிக்கடி கண்ணில் படும் பெயர்கள் சில. ஒஹாயோவின் ஜாக்சன் சென்டரில் தயாராகும் ஏர்ஸ்ட்ரீம், அயோவாவின் விண்ணபேகோ, கனடாவின் ரோட்ட்ரெக், சாஸ்கட்டூன் நகரின் பிளெஷர்-வே, மானிட்டோபாவின் லெஷர் டிராவல் வேன்ஸ், ஃபுளோரிடாவின் கோச் ஹவுஸ். கோச் ஹவுஸின் ‘பிளாட்டினம்’ மாடலுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அதன் கூடு ஃபைபர் கிளாஸில் ஒரே அச்சில் வார்க்கப்பட்டது. மூலைகளில் இணைப்பு இல்லாததால், தண்ணீர் நுழையும் வழிகளும் குறைவு. பழைய வண்டி தேடுபவர்கள் இதற்காகவே அதை விரும்புவதுண்டு.

அடியில் இருக்கும் வண்டி

சிறிய சொகுசு மோட்டார்ஹோம்களில் அதிகம் காணப்படுவது ஸ்பிரின்டர். 2010-க்கு முன் இது அமெரிக்காவில் டாட்ஜ், ஃபிரைட்லைனர் பெயர்களில் விற்பனையானது. 2007 முதல் பதினைந்து ஆண்டுக்காலம் இதில் 3.0 லிட்டர் வி6 டீசல் இன்ஜின் வந்தது. நீண்ட நாள் உழைக்கும் இன்ஜின்தான். ஆனால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். இரு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே ஆயில் கூலர் உட்கார்ந்திருக்கிறது. அதன் ரப்பர் சீல்கள் வயதானால் ஆயில் கசியும். சீலின் விலை அற்பம். அங்கே கையை விடுவதற்கு இன்ஜினின் மேல்பாதியைக் கழற்ற வேண்டியிருப்பதால் கூலிதான் அதிகம்.

இரண்டாவது, புகையைச் சுத்திகரிக்கும் அமைப்பு. 2010 மாடலிலிருந்து இதற்கு யூரியா கரைசல் ஊற்ற வேண்டும். ‘டெஃப்’ என்பார்கள். இதிலுள்ள சென்சார் ஒன்று பழுதானால், இன்ஜின் நன்றாக இருந்தாலும் டாஷ்போர்டில் எச்சரிக்கை வரும்: இன்னும் இத்தனை முறைதான் ஸ்டார்ட் ஆகும் என்று எண்ணிக்கை இறங்கத் தொடங்கும். ஸ்பிரின்டரைப் பழுது பார்க்கும் டீலர்கள் எல்லா ஊரிலும் இல்லை. மெர்சிடிஸ் கார் ஷோரூம் இருக்கும் இடத்திலெல்லாம் இந்த வேலை நடக்காது. வாங்குவதற்கு முன்பே, வீட்டிலிருந்து எத்தனை மைலில் சர்வீஸ் கிடைக்கும் என்று பார்ப்பது நல்லது.

மற்ற இரண்டு வேன்கள் ராம் புரோமாஸ்டரும் ஃபோர்டு டிரான்சிட்டும். புரோமாஸ்டர், ஐரோப்பாவின் ஃபியட் டுகாட்டோவை அடிப்படையாகக் கொண்டது. முன்சக்கர இழுவை, 3.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். விண்ணபேகோவின் டிராவாட்டோ இதில்தான் கட்டப்படுகிறது. உட்புறம் அகலம், சர்வீஸ் செலவு குறைவு. டீசலின் இழுவிசையும் ஸ்பிரின்டரின் கௌரவமும் வேண்டாம் என்பவர்களுக்கு இதுவே சிக்கனமான வழி.

மேலே வீடு கட்டியவர் இன்னும் இருக்கிறாரா?

மெர்சிடிஸ் உதிரிபாகம் எப்படியும் கிடைக்கும். வீட்டுப் பகுதியைக் கட்டிய நிறுவனம் மூடிவிட்டால் நிலைமை வேறு. 1974-இல் தொடங்கிய ரோட்ட்ரெக் இதற்குச் சான்று. ஜெர்மனியின் எர்வின் ஹைமர் குழுமம் அதை 2016-இல் வாங்கியது. 2019 பிப்ரவரியில் அதன் வட அமெரிக்கப் பிரிவு திவால் நடவடிக்கைக்குள் போனது. அதே ஆண்டில் பிரான்சின் ராப்பிடோ குழுமம் ரோட்ட்ரெக் பெயரை வாங்கி உற்பத்தியை மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்து வண்டிகளை வைத்திருந்தவர்கள் உத்தரவாதத்துக்கு எங்கே போவது என்று தெரியாமல் திண்டாடினார்கள். நிறுவனத்தின் சொந்த மென்பொருளில் இயங்கும் லித்தியம் பேட்டரி போன்ற அமைப்புகள் இருந்தால் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். பெரும்பாலான கடைகளில் கிடைக்கும் பம்ப், ஹீட்டர், ஃபிரிட்ஜ் பொருத்திய வண்டியை எங்கும் சரிசெய்துகொள்ளலாம்.

விலை எங்கே நிற்கிறது?

கொரோனா காலத்தில் விமானத்தையும் ஓட்டலையும் தவிர்த்தவர்கள் மோட்டார்ஹோம் பக்கம் திரும்பினார்கள். எல்லா வகை வீட்டு வண்டிகளும் சேர்ந்து, 2021-இல் தொழிற்சாலைகளிலிருந்து 6 லட்சத்துக்கும் மேல் வெளியேறின. அது சாதனை. 2023-இல் அது ஏறக்குறைய 3.13 லட்சமாகச் சரிந்தது. உச்சத்தில் கடன் போட்டு வாங்கியவர்களில் பலருக்கு, வண்டியின் இன்றைய விலையைவிடக் கட்ட வேண்டிய கடன் அதிகம். அவர்கள் சொல்லும் விலை பெரும்பாலும் கடன் பாக்கியை ஒட்டியே இருக்கும். சந்தை விலையை ஒட்டி இருக்காது. ஜே.டி. பவர் வெளியிடும் விலைக் கையேட்டைப் பார்த்து, அதே மாடல் உண்மையில் என்ன விலைக்குக் கைமாறுகிறது என்பதையும் சில வாரம் கவனித்தால் பேரம் பேசத் தைரியம் வரும்.

பருவமும் விலையை ஆட்டுவிக்கும். வடக்கு மாநிலங்களில் குளிர்காலம் முழுக்க வண்டியை மூடிப்போட வேண்டும் என்பதால், இலையுதிர் காலத்தின் கடைசியில் விற்பவர்கள் இறங்கிவருவார்கள். வசந்தம் வந்தால் விலை ஏறும். ஆனால் வடக்கு வண்டிகளில் பனிச்சாலையில் தூவும் உப்பு அடிப்பாகத்தை அரித்திருக்கலாம். அரிசோனா, ஃபுளோரிடா வண்டிகளில் துரு குறைவாக இருந்தாலும், வெயில் ரப்பரையும் கூரைப்பூச்சையும் தின்றிருக்கும்.

வாங்கும் இடம் மூன்று. டீலரிடம் விலை கூடுதல். ஆவணக் கட்டணம், தயாரிப்புக் கட்டணம் என்று கடைசியில் சில வரிகள் முளைக்கும். உரிமையாளருக்காக விற்றுக் கொடுக்கும் கமிஷன் கடைகள் நடுவில். நேரடியாக உரிமையாளரிடம் வாங்குவது மலிவு. பராமரிப்புக் கதையையும் முழுதாகக் கேட்கலாம். இணையத்தில் சந்தை விலைக்கு மிகக் குறைவாகப் போட்டு, ‘வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்புங்கள்’ என்பது பழகிப்போன மோசடி. வண்டியைக் கண்ணால் பார்க்காமல் ஒரு டாலரும் அனுப்பக் கூடாது.

தண்ணீரைத் தேடுவது

மோட்டார்ஹோமின் முதல் எதிரி தண்ணீர். ஏ.சி., காற்றோட்ட விசிறி, சோலார் பலகை என ஒவ்வொன்றுக்கும் கூரையில் துளை போட்டிருக்கிறார்கள். துளையைச் சுற்றிப் பூசிய சீலன்ட் சில வருடத்தில் வெடிக்கும். அதனால் சோதனை ஏணியில் தொடங்க வேண்டும். கூரைக்கு மேலே ஏறிப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

கதவைத் திறந்ததும் முதலில் மூக்கு வேலை செய்யட்டும். பூஞ்சை வாடை அடித்தால் எங்கோ ஈரம் தங்கியிருக்கிறது. வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் அதுவும் சந்தேகத்துக்கு உரியதே. பிறகு அலமாரிகளின் மேல்மூலை, ஜன்னல் ஓரம், படுக்கைக்கு அடி ஆகிய இடங்களில் டார்ச் அடித்துப் பழுப்புக் கறை தேட வேண்டும். ஃபைபர் கிளாஸ் சுவரை வெளியிலிருந்து பக்கவாட்டில் பார்த்தால் உப்பல்கள் தெரியும். உள்ளே ஈரம் போய் அடுக்குகள் பிரிந்துவிட்டன என்று பொருள். குளியலறை வாசலில் தரையை மிதித்துப் பார்க்க வேண்டும். அமுங்கினால் பலகை உளுத்திருக்கிறது. ஈரம் அளக்கும் சிறு கருவி சில பத்து டாலருக்குக் கிடைக்கும்.

குழாய்களைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. தொட்டியில் தண்ணீர் நிரப்பி, எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, பம்ப் சுவிட்சைப் போட வேண்டும். அழுத்தம் ஏறியதும் பம்ப் நின்றுவிட வேண்டும். நின்ற பம்ப், யாரும் குழாயைத் திறக்காமலேயே சில நிமிடத்துக்கு ஒருமுறை ‘டர்ர்’ என்று ஓடினால் எங்கோ கசிகிறது. குளிர்காலத்தில் தண்ணீரை வடிக்காமல் விட்டு, உறைந்து வெடித்த குழாய்கள் பெரும்பாலும் இப்படித்தான் பிடிபடும். ‘குளிர்காலத்துக்காக வடித்து வைத்திருக்கிறோம், இப்போது காட்ட முடியாது’ என்றால், காட்ட முடிகிற நாளில் மீதிப் பணம் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது உத்தமம்.

மின்சாரம், கேஸ், ஃபிரிட்ஜ்

கேஸிலும் மின்சாரத்திலும் ஓடும் ஃபிரிட்ஜில் கம்ப்ரசர் இருக்காது, குளிர மணிக்கணக்காகும். ஆகவே முந்தின நாளே போட்டுவைக்கச் சொல்லி, உள்ளே ஒரு தெர்மாமீட்டரையும் வைக்கச் சொல்ல வேண்டும். பின்பக்கத்தில் அமோனியா வாடையோ மஞ்சள் படிவமோ இருந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

ஜெனரேட்டரில் ஓடிய மணிநேரத்தைக் காட்டும் மீட்டர் உண்டு. எண் மிகக் குறைவாக இருந்தால் மகிழ வேண்டியதில்லை. மாதம் ஒருமுறையாவது சுமையோடு ஓட்டாத ஜெனரேட்டரில் பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைத்துவிடும். ஏ.சி.யைப் போட்டு அரை மணி நேரம் ஓடவிட்டால் உண்மை தெரியும். பேட்டரிகளின் வயதையும் கேட்க வேண்டும். கேஸ் கசிவு, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவிகளின் பின்னால் தேதி அச்சிட்டிருக்கும். காலாவதியாகியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

டயரும் எடையும்

மோட்டார்ஹோம் டயர் தேய்ந்து கெடுவதைவிட வயதாகிக் கெடுவதே அதிகம். பக்கச் சுவரில் ‘டிஓடி’ என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் பிறந்த தேதி. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பள்ளம் புதிதுபோல ஆழமாக இருந்தாலும், ஆறேழு வருடம் தாண்டிய டயருக்கு மாற்றுச் செலவை விலையில் கழித்துவிட வேண்டும்.

எடையைப் பலர் மறக்கிறார்கள். 2008-க்குப் பின் வந்த அமெரிக்க மோட்டார்ஹோம்களில் ஆட்களும் சரக்கும் சேர்ந்து எவ்வளவு ஏற்றலாம் என்ற லேபிள் ஒட்டியிருக்கும். சொகுசு கூடக்கூட அந்த அளவு குறையும். தொட்டித் தண்ணீரும் அந்தக் கணக்கில்தான் சேரும்: லிட்டருக்கு ஒரு கிலோ. நான்கு பேர், இரண்டு சைக்கிள், நிறைந்த தொட்டி என்று கூட்டினால் சில மாடல்களில் அளவு அங்கேயே தீர்ந்துவிடும்.

காகிதம்

அமெரிக்காவில் டீலர்கள் பழைய காரின் ஜன்னலில் ‘உத்தரவாதம் உண்டா, இல்லையா’ என்ற அறிவிப்பை ஒட்ட வேண்டும் என்று மத்திய விதி உண்டு. அது 8,500 பவுண்டுக்கு, அதாவது சுமார் 3,850 கிலோவுக்குக் குறைவான வண்டிகளுக்கு மட்டும்தான். ஸ்பிரின்டர் 3500 வேனில் கட்டிய மோட்டார்ஹோமின் மொத்த எடை அளவு 5,000 கிலோவைத் தொடும். ஆகவே அந்தப் பாதுகாப்பு இங்கே இல்லை. ‘உள்ளது உள்ளபடி’ என்று கையெழுத்திட்டால் பிறகு பேச இடமில்லை.

எழுத்தும் இலக்கமுமாக 17 இடம் கொண்ட வின் எண்ணை, அதாவது வாகன அடையாள எண்ணை, முன்கண்ணாடியின் அடியிலும், கதவுத் தூணிலும், உரிமைப் பத்திரத்திலும் ஒப்பிட வேண்டும். தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் அந்த எண்ணைத் தட்டினால் நிலுவையிலுள்ள ரீகால் தெரியும். வேனுக்குத் தனியாகவும் வீட்டுப் பகுதிக்குத் தனியாகவும் தேட வேண்டும். இரண்டின் மாடல் வருடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 2020 மாடல் என்று விற்கும் மோட்டார்ஹோமின் அடியில் 2019 வேன் இருப்பது சகஜம்.

2022 செப்டம்பரில் இயான் புயல் ஃபுளோரிடாவைத் தாக்கியபோது வந்தது போன்ற வெள்ளங்களுக்குப் பிறகு, நீரில் மூழ்கிய வண்டிகள் வேறு மாநிலத்தில் புதுப் பத்திரத்தோடு வருவதுண்டு. தேசிய வாகன உரிமைப் பத்திரத் தகவல் அமைப்பின் அறிக்கை இதைப் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துப் பார்ப்பதும் உதவும். கடைசி மடிப்பில் சேற்றுக்கறை இருந்தால் சந்தேகம் உறுதி. பத்திரத்தில் வங்கியின் கடன் பாத்தியதை இருந்தால், வங்கிக் கிளையிலேயே உட்கார்ந்து பணத்தைக் கட்டி விடுவிப்புக் கடிதம் வாங்குவதே பாதுகாப்பு.

விலை ஒத்துவந்த பிறகும் முன்பணத்தை ‘சோதனைக்கு உட்பட்டு’ என்று எழுதியே கொடுக்க வேண்டும். வீட்டுப் பகுதியைப் பார்க்கச் சான்றிதழ் பெற்ற ஆய்வாளர்கள் அங்கே இருக்கிறார்கள். வண்டிப் பகுதிக்கு ஒரு மெக்கானிக் தனியாக வேண்டும். அவர் வரும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்த இன்ஜின் குளிர் ஸ்டார்ட்டில் வரும் சத்தத்தை மறைத்துவிடும். இரண்டுக்குமான கட்டணம் ஆயிரம் டாலரைத் தாண்டலாம். கூரையிலோ ஆயில் கூலரிலோ அவர்கள் கண்டுபிடிக்கும் ஒரே குறை அதைவிட அதிகமாக விலையைக் குறைத்துவிடும். அப்படியும் எல்லாம் ஒரே நாளில் வெளிப்படாது. வாங்கும் விலையில் பத்தில் ஒரு பங்கை முதல் வருடப் பழுதுக்கென்று ஒதுக்கிவைத்து, அதையும் சேர்த்து வரவு செலவு போடுவதே நிதானமான கணக்கு.