முன்னே பாய்வதா, சுழல்வதா?

மட்டையை வீசும்போது உடம்பு முன்னே போக வேண்டுமா, நின்ற இடத்தில் சுழல வேண்டுமா? பேஸ்பால் பயிற்சியாளர்கள் இரண்டு பேரிடம் இதைக் கேட்டுவிட்டால் போதும், டீ ஆறி ஏடு படிந்துவிடும். அமெரிக்காவில் இந்தச் சண்டைக்கு அரை நூற்றாண்டு வயது.

சுழற்சிக் கட்சியின் தலைவர் டெட் வில்லியம்ஸ். 1941-இல் .406 மட்டையடி சராசரி எடுத்த ஆட்டக்காரர். ‘தி சயின்ஸ் ஆஃப் ஹிட்டிங்’ என்ற நூலில் அவர் வற்புறுத்தியது இதைத்தான்: முதலில் இடுப்பு திரும்ப வேண்டும், கையும் மட்டையும் அதன் பின்னே வரும். பந்து வீசுபவர் நிற்கும் மேட்டிலிருந்து பந்து இறங்கித்தானே வருகிறது, மட்டை லேசாக ஏறி அதைச் சந்திக்கட்டும் என்றார். எதிர்க்கட்சி சார்லி லாவ். ஆட்டக்காரராக அவர் சுமார்தான். பயிற்சியாளராகப் பெரிய ஆள். எடையைப் பின்காலிலிருந்து முன்காலுக்கு மாற்று, தலையை ஆட்டாதே என்பது அவர் பாடம். அவரிடம் கற்ற ஜார்ஜ் பிரெட் 1980-இல் .390 எடுத்ததும் அந்தப் பக்கமும் கூட்டம் சேர்ந்தது.

யார் சொன்னது சரி? டீ கிளாஸைக் கீழே வையுங்கள். செய்தித்தாளைச் சுருட்டி இரு கையாலும் பிடித்து, பக்கவாட்டில் நில்லுங்கள். காலை நகர்த்தாமல் இடுப்பைத் திருப்பி வீசுங்கள். வேகம் வரும், ஆனால் ஏதோ குறையும். அடுத்து, முன்காலை ஒரு சாண் எடுத்து வைத்து, ஊன்றியதும் முட்டியை விறைத்துக்கொண்டு திரும்புங்கள். தாள் ‘விஷ்’ என்று காற்றைக் கிழிக்கும். மூன்றாவது தடவை முட்டியை மடங்கவிட்டு, முன்னே சாய்ந்துகொண்டே வீசிப் பாருங்கள், சத்தம் செத்துப்போகும்.

ஓடும் பஸ் சட்டென்று நின்றால் நிற்பவரின் மேலுடம்பு முன்னே பாய்கிறதே, அதே கணக்கு. விறைத்த முன்கால்தான் பிரேக். முன்னே வந்த உடம்பை அது தடுக்கிறது. தடைபட்ட வேகம் இடுப்பைத் திருப்பிவிடுகிறது. உடம்பு முன்னே நகர்வது நடைவேகத்தில்தான். மட்டை நுனியோ மணிக்கு 110 கி.மீ. தாண்டும். அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு சுழற்சியுடையது. பிரெட் பந்தைத் தொடும் தருணத்துப் படங்களைப் பாருங்கள்: முன்கால் விறைத்திருக்கும், வயிறு பந்து வீசுபவரைப் பார்த்திருக்கும். லாவின் சீடர் செய்வது வில்லியம்ஸ் சொன்னதைத்தான்! அடிப்பதைப் பொறுத்தவரை என் ஓட்டு வில்லியம்ஸுக்கு.

பந்து வீச்சில் முன்னோக்கிய பாய்ச்சலுக்கு வேலை அதிகம். கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர் ஓடி வரலாம். பேஸ்பாலில் பந்து வீசும் பிட்சருக்கு அது கிடையாது. 25 செ.மீ. உயர மேட்டில், ரப்பர் பலகையில் ஒரு காலை வைத்தபடி, ஒரே அடியில் வேகம் திரட்ட வேண்டும். 2008, 2009 இரண்டு ஆண்டும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கிய டிம் லின்சிகம் ஒல்லியான ஆள், உயரமும் 5 அடி 11 அங்குலம்தான். ஆனால் அவர் எடுத்துவைக்கும் அடி அவர் உயரத்தைவிட நீளம். கால் ஊன்றியதும் இடுப்பு திரும்பும்; தோள் ஒரு கணம் பின்தங்கி, முறுக்கேறி, பிறகு வெடிக்கும். கடைசியில் மேல்கை தோளில் சுழலும் வேகம் விநாடிக்கு 7,000 டிகிரி அளவு. இடுப்பும் தோளும் ஒன்றாகத் திரும்பிவிட்டால் குறைந்த வேகத்தைக் கையே ஈடுகட்ட வேண்டியிருக்கும். அந்தச் சுமை தோளிலும் முழங்கையிலும் விழும்.

பிள்ளைகளுக்குப் பந்து வீசக் கற்றுத்தருபவர்களே, “கையை வேகமாக வீசு” என்று கத்துவதற்கு முன் அவர்களின் முன்கால் ஊன்றுகிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.