பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடும்

சந்திரகிரியில் அரசு வீற்றிருந்த வேங்கடபதி ராயரின் அவைக்கு 1598-ஆம் ஆண்டில் இயேசு சபைத் துறவியர் வந்தனர். அவ்வரசுக்குட்பட்ட தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர் 1639-இல் ஆங்கிலக் கம்பெனிக்கு அளித்த கடற்கரை நிலத்தில் சென்னைக் கோட்டை எழுந்தது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் வைர வாணிகத்தின் பொருட்டு யூதர் சிலரும் அங்கே குடியேறினர். இவ்விரு சமயத்தாரும் ஒரு மறைநூலைப் பொதுவாகப் போற்றுபவர். அதற்குப் பொருள் கொள்வதில் வேறுபட்டவர்.

யூதரின் எபிரேய மறையையே கிறித்தவர் பழைய ஏற்பாடு என்பர். ஏற்பாடு என்றால் உடன்படிக்கை. ஆபிரகாமோடும், பின்னர்ச் சீனாய் மலையில் மோசே வாயிலாக இஸ்ரவேல் மக்களோடும் இறைவன் செய்த உடன்படிக்கையை அந்நூல் கூறுகிறது. யூதராய்ப் பிறந்த இயேசு ஜெப ஆலயத்தில் வாசித்ததும் அம்மறையே. வாக்களிக்கப்பட்ட மேசியா இயேசுவே என்பர் கிறித்தவர். மேசியா வந்திருப்பின் உலகில் நீதியும் அமைதியும் நிலைபெற்றிருக்க வேண்டுமன்றோ என்பர் யூதர். இறைவன் மனித உருக் கொண்டான் என்பதையும் அவர்கள் ஏலார்.

புதியது வந்தமையால் பழையது கழிந்ததா? இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர் எபிரேய மறையை அறவே விலக்கினார். திருச்சபை அவரை விலக்கியது. ஆயினும் நூலைப் போற்றிய கிறித்தவருட் பலர், அந்நூலுக்குரிய மக்களை இறைவனால் தள்ளுண்டவர் எனக் கருதினர். இக்கருத்து ஐரோப்பாவில் பெருங்கொடுமைகளுக்கு இடந்தந்தது. 1492-இல் ஸ்பெயின் யூதரைத் துரத்தியது. சில ஆண்டுகளில் போர்ச்சுகலும் அவர்களை ஒடுக்கியது. அங்ஙனம் சிதறிய குடும்பங்களின் வழிவந்தோரே சென்னைக்கு வந்த யூத வணிகருட் பலர்.

இதற்கு மாறான கருத்து புதிய ஏற்பாட்டிலேயே உண்டு. சித்தூர் மாந்தோப்புகளில் நாட்டுச் செடியின்மேல் உயரினக் கிளையை ஒட்டுவதை நாம் அறிவோம். ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் இதனைத் தலைகீழாகக் காட்டுகிறார். இஸ்ரவேல் நல்ல ஒலிவமரம். பிற இனத்தாராகிய கிறித்தவர் அதில் ஒட்டப்பட்ட காட்டுக் கிளை. கிளையைத் தாங்குவது வேர்; ஆதலின் கிளை செருக்குறுதல் தகாது என்பது அவர் அறிவுரை.

இவ்வறிவுரைக்குக் கத்தோலிக்கத் திருச்சபை முழுமையாகத் திரும்ப நெடுங்காலம் ஆயிற்று. இயேசுவின் மரணப் பழியை அக்கால யூதர் அனைவர்மீதோ இக்கால யூதர்மீதோ சுமத்தலாகாது. யூதரை இறைவனால் தள்ளுண்டவராகக் காட்டலாகாது என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-இல் அறிவித்தது. மேசியாவைப் பற்றிய வேறுபாடு இன்றும் தீரவில்லை, தீர வேண்டுமென்பதுமில்லை. ஏற்பாட்டுக்கு அடைமொழியாக நின்ற ‘பழைய’ என்னும் சொல் முன்னமையைக் குறிப்பதேயன்றிக் கழிவைக் குறிப்பதன்று என உணர்தலே இரு சமயத்தாரின் நட்புக்கு அடிப்படையாகும்.