மலைக்குத் தக்க பாதரட்சை

எரிமலைப் பிரதேசங்களில் கால்நடையாகச் சுற்றுவோர் எத்தகைய காலணி அணியவேண்டும், எத்தகைய உடை தரிக்கவேண்டும் என்பது பற்றி மேல்நாட்டு யாத்திரிகர்கள் எழுதிக் குவித்திருக்கும் யோசனைகள் ஏராளம். அவற்றையெல்லாம் சிரத்தையாகப் படித்துவிட்டு, கணுக்காலை மூடும் கனத்த பூட்ஸும் நவீன மழைச்சட்டையும் வாங்கிக்கொண்டு, வருசநாட்டு மலைகளைப் பார்க்கத் தேனியில் வந்து இறங்கும் இளைஞர்களின் உற்சாகம் மெச்சத்தக்கதே. ஆனால் அவர்கள் ஏறப்போவது எரிமலை அன்று. நிலத்தின் சுபாவம் அறியாமல் வாங்கிய பாதரட்சை, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாயினும், பாதத்தை ரட்சிப்பதில்லை என்பது என் அபிப்பிராயம்.

எரிமலைத் தரை எப்படியிருக்கும் என்று அறிய, நம் இனத்தாரின் சந்ததிகள் வாழும் ரீயூனியன் தீவை எண்ணிப் பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காகத் தமிழர்கள் பெருந்தொகையாகக் குடியேறிய அத்தீவில், 2,632 மீட்டர் உயரமுள்ள பிட்டோன் தெ லா ஃபூர்னேஸ் என்னும் எரிமலை இன்றும் அடிக்கடி கக்கிக்கொண்டிருக்கிறது. அங்கே குழம்பு ஆறி இறுகிய பாறை, சில இடங்களில் முறுக்கிய கயிறுபோல் மழமழப்பாகவும், சில இடங்களில் உடைந்த கண்ணாடியின் விளிம்போடு கரடுமுரடாகவும் கிடக்கும். இடையிடையே வரும் சாம்பற்சரிவில் ஓரடி வைத்தால் அரையடி பின்னுக்கு வழுக்கும். இத்தரையில் மெல்லிய அடித்தோல் சீக்கிரமே அராவப்பட்டுப் போகும். பொடிக்கற்கள் காலணிக்குள் புகுந்து குதிகாலைப் புண்ணாக்கும். இடறி விழுந்தவன் உள்ளங்கையும் முழங்காலும் உரிந்துபோக எழுந்திருப்பான். ஆகவே கெட்டியான அடிப்பாகம், கணுக்காலைச் சுற்றிக் கட்டும் துணியுறை, முழுநீளக் கால்சட்டை, கையுறை என்று மேல்நாட்டு யாத்திரிகர்கள் விதித்திருப்பதெல்லாம் காரணத்தோடு கூடியதே.

வருசநாட்டுக் கல்லோ வேறு ஜாதி. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் வெந்து இறுகி, பின்னர் மேலே வந்து, மழையிலும் வெயிலிலும் தேய்ந்து, கூர் மழுங்கி உருண்ட பாறை இது. வைகை பிறக்கும் இம்மலைகளில் ஓடைகளைத் தாண்டாமல் நெடுந்தூரம் நடக்க இயலாது; ஓடைக்கல்லின்மேல் பாசி படர்ந்திருக்கும். எரிமலைக்கு உகந்த கெட்டி ரப்பர் அடிப்பாகம் ஈரப் பாசிப்பாறையில் பற்றுவதில்லை. கல்லோடு சற்றே அமுங்கி ஒட்டும் மிருதுவான ரப்பரே இங்கு நிற்கும். அதன் பட்டைகள் ஆழமாகவும் ஒன்றுக்கொன்று விலகியும் இருந்தால், செம்மண் சேறு அடைத்துக்கொள்ளாது. கடையில் வாங்கும்போது அடிப்பாகத்தை நகத்தால் அழுத்திப் பார்ப்பதில் வெட்கப்பட வேண்டியதில்லை.

தண்ணீர் புகாதது என்று பெருமையாக விற்கப்படும் பூட்ஸைப்பற்றியும் ஒரு வார்த்தை. முழங்கால் ஆழ ஓடையில் இறங்கினால் நீர் மேல்வழியாக உள்ளே புகுந்துவிடும். புகுந்த நீர் வெளியேறவும் வழியிராது. நனைந்தாலும் சீக்கிரம் காயக்கூடிய, வலைத்துணி வைத்த காலணி நம் ஓடைகளுக்குப் போதும்.

இதற்கிடையில், ஆடு மேய்ப்பவர்களும் காட்டுவேலைக்குப் போகிறவர்களும் பழைய லாரி டயரை அறுத்துத் தைத்த செருப்போடு, சில சமயம் அதுவும் இல்லாமல், இதே மலையில் ஏறி இறங்குகிறார்களே என்று கேட்கலாம். சதுரகிரிக்கு உப்புத்துறை வழியாக ஏறுகிறவர்களிலும், சித்திராபௌர்ணமியன்று கூடலூர்ப் பக்கத்துப் பளியங்குடியிலிருந்து கண்ணகி கோயிலுக்கு ஏறுகிறவர்களிலும் வெறுங்காலோடு நடப்பவர்கள் அநேகர். பிறந்தது முதல் மண்ணில் பழகிய பாதம், கல் அசைவதை விரல்களாலேயே அறிந்து அதற்கேற்ப எடையை மாற்றிக்கொள்ளும். அந்த வித்தை பட்டணத்துப் பாதத்திற்கு ஒரு வாரத்தில் வாய்க்காது. டயர்ச் செருப்பு முள்ளுக்கு நல்ல கவசம். காய்ந்த தடத்தில் அதை மிஞ்ச ஒன்றில்லை. ஈரப்பாறையில் மட்டும் அதை நம்பவேண்டாம்.

மழைக்காலத்தில் மேகமலைப் பக்கம் போகிறவர்களை முதலில் வரவேற்பது அட்டை. நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால்வரை தைத்து, காலுறைக்கு மேலே இழுத்துக் கட்டிக்கொள்ளும் உறையொன்றே அதற்குச் சரியான தடை; உறை வெளிர்நிறமாக இருந்தால் ஊர்ந்து ஏறும் அட்டை கண்ணில் படும். உப்பையோ புகையிலையையோ துணியில் முடிந்து கோலின் நுனியில் கட்டி, ஒட்டியதை ஒற்றி விழச்செய்யும் பழைய உபாயமும் நன்றாகவே வேலை செய்கிறது.

உடை விஷயத்தில்தான் உண்மையான சங்கடம் இருக்கிறது. மழைக்காலத்தில் பருத்தி ஆகாது. நனைந்த பருத்தி லேசில் காயாது. மாலைக் காற்றில் அது உடம்பின் சூட்டை உறிஞ்சிவிட, கைகால் விறைத்து நடுக்கம் எடுக்கும். அப்போது செயற்கை நூலாடையும் கம்பளியுமே உதவும். மாசி, பங்குனியில் நிலைமை தலைகீழ். ஆளுயரப் புல் காய்ந்து நிற்கும் சரிவில் தீ மூண்டால், பாலியெஸ்டரும் நைலானும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. பருத்தி எரிந்தாலும் அப்படி உருகி ஒட்டுவதில்லை. இது வீண் பயமன்று. 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் தேதி, இதே தேனி மாவட்டத்துக் குரங்கணி மலைச்சரிவில் காட்டுத்தீயிடையே அகப்பட்ட மலையேறிகளில் 20-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டனர். அத்துயரத்தை எந்த உடையும் தடுத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. காற்றும் புல்லும் சரிவும் சேர்ந்துவிட்டால் ஓட்டத்தைவிட வேகமாக நெருப்பு மேலேறும். அக்காலத்தில் மலையேறாமல் இருப்பதே முதல் காப்பு. அச்சம்பவத்திற்குப் பிறகே மலையேற்றத்துக்குத் தமிழக அரசு விதிகள் வகுத்தது. 2024-இல் 40 தடங்களைத் தேர்ந்து, வழிகாட்டிகளோடு மட்டும் செல்ல ஏற்பாடு செய்தது. வருசநாட்டுக் காடுகள் 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. அனுமதியின்றி உள்ளே கால்வைப்பது குற்றம்.

நிறத்தையும் அலட்சியம் செய்யலாகாது. இம்மலைப் பாறைகளில் தொங்கும் மலைத்தேனீயின் கூட்டைக் கலைத்துவிட்டால், அது கருநிறத்தையே தேடிக் கொட்டும். வாசனைத் தைலம் பூசியவனையும் விடாது. காக்கி, சாம்பல், மங்கிய பச்சை போதும். கறுப்புத் தொப்பியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது நலம்.

பாதரட்சையை மாலையில் வாங்கவேண்டும்; பகலெல்லாம் நடந்த பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும். கெட்டியான காலுறையோடு போட்டுப் பார்த்து, கட்டைவிரலுக்கு முன்னே ஒரு விரல் அகலம் இடம் விடவேண்டும். ஏற்றத்தைவிட இறக்கமே நகத்தைக் கறுக்கச்செய்வது. இறங்குமுன் நாடாவைக் கணுக்காலருகே இறுக்கிக் கட்டினால் பாதம் முன்னே நழுவாது.

அலமாரியில் நாலைந்து வருஷம் பத்திரமாக வைத்திருந்த பூட்ஸைப் புதிது என்று நம்பி எடுத்துப்போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அடிப்பாகத்திற்குள் இருக்கும் பாலியூரித்தேன் என்னும் நுரை, உபயோகப்படுத்தாமலிருந்தாலும் காற்றின் ஈரத்தால் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். வெளித்தோற்றத்தில் ஒன்றும் தெரியாது. நடுமலையில் அடிப்பாகம் வாய்பிளந்த பிறகு கயிற்றால் கட்டி இறங்குவது பெரும் அவதி. புறப்படுவதற்கு முன்பே இரு கைகளாலும் வளைத்து, மேல்பாகமும் கீழ்பாகமும் சேருமிடத்தில் விரிசல் விடுகிறதா என்று பார்க்கவேண்டும். அழுத்தினால் பொடி உதிருமானால் அதை எடுத்துப்போவதற்கில்லை. நுரை நன்றாயிருந்து பசை மட்டும் விட்டிருந்தால், தெருமுனையில் செருப்புத் தைக்கிற தொழிலாளியிடம் கொடுத்துச் சுற்றிலும் மெழுகுநூலால் ஒரு தையல் ஓட்டிக்கொள்ளலாம்; தையல் முடிந்தபின், ஏறப்போகிற மலைக்கு முன்பாக ஊரிலேயே ஓரிரு வாரம் அதைப் போட்டு நடந்து பழகிக்கொள்ளவும் வேண்டும்.