கட்டளைக் கொடையும் கடல்கடந்த கிறித்துவ மனிதநேயப் பணிகளும்: கேலாங்கை முன்னிறுத்திய ஒரு விளக்கம்

முன்னுரை

கொடுப்பவர் தம் பொருள் இன்ன இடத்தில், இன்ன பணிக்கே செலவிடப்பட வேண்டும் என வரையறுத்துக் கொடுப்பது ஒருவகைக் கொடையாகும். கோயில் வழக்கில் இதனைக் 'கட்டளை' என்பர். அச்சொல்லையே தழுவி, ஈண்டு இதனைக் 'கட்டளைக் கொடை' எனக் குறிப்பிடுகின்றோம். சிங்கப்பூர்க் கிறித்துவர்கள் பிறநாடுகளில் நடைபெறும் கல்வி, மருத்துவம், குடிநீர், இடர்நிவாரணம் முதலிய பணிகளுக்கு இவ்வகையில் பொருள் வழங்குகின்றனர். இக்கொடையின் மரபு, அதனை நெறிப்படுத்தும் சட்டங்கள், அதில் எழும் சிக்கல் ஆகியவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு மரபுகள்

கட்டளைக் கொடை தமிழர்க்குப் புதியதன்று. சோழர்காலக் கல்வெட்டுகள் பலவற்றில் ஒரு நந்தா விளக்கிற்கு 96 ஆடுகள் விடப்பட்ட செய்தியைக் காண்கின்றோம். ஆடுகளைப் பெற்றவர் நாள்தோறும் உழக்கு நெய் அளந்திடல் வேண்டும். ஆடுகளின் எண்ணிக்கை என்றும் குறையலாகாது என்பதனால் அவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. அறம் வழுவாது நடைபெறுதல் 'பன்மாகேசுவர இரட்சை' எனக் காவலில் வைக்கப்பட்டது. நோக்கம், முதல், காவல் என்னும் மூன்று கூறுகளும் இதனுள் அடங்கியிருத்தல் தெளிவு.

விவிலிய மரபிலும் இதற்கு இணை உண்டு. மக்கெதோனியா, அகாயா முதலிய பகுதிகளின் சபைகளிலிருந்து எருசலேமின் வறியவர்க்கெனப் பவுல் திரட்டிய தொகை கட்டளைக் கொடையே. அத்தொகையைத் தாமே தனித்து எடுத்துச் செல்லாமல், சபையார் தெரிந்தெடுத்தவர் வழியாக அனுப்ப அவர் முற்பட்டார். ஈண்டும் காவல் என்னும் கூறு பேணப்பட்டமை நோக்கத்தக்கது.

பெற்றவர் கொடுப்பவரானமை

சிங்கப்பூர் மெதடிச சபையின் தொடக்கம் இந்தியாவோடு தொடர்புடையது. பெங்களூரில் பிறந்த வில்லியம் ஓல்டாம் 1885ஆம் ஆண்டு இந்தியாவிலிருந்தே சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார். பின்னர் 1991ஆம் ஆண்டில் சிங்கப்பூர் மெதடிசத் திருச்சபை தனக்கென வெளிநாட்டுப் பணிச் சங்கம் ஒன்றை நிறுவிக்கொண்டது. பணியாளரைப் பெற்ற நாடு பணியாளரை அனுப்பும் நாடாயிற்று.

தமிழரிடையே இம்மாற்றம் இன்னும் முன்னரே நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்துக் கிறித்துவ மாணவர்கள் தம் பொருளைக் கொண்டு தமிழகத்தின் தொண்டிப் பகுதியில் பணி நடத்தி வந்தனர். 1902இல் யாழ்ப்பாணம் சென்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா அம்முயற்சியால் தூண்டப்பெற்றார். அதன் விளைவாகப் பாளையங்கோட்டையில் 1903ஆம் ஆண்டு திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. இந்தியர் பொருள், இந்தியர் உழைப்பு, இந்தியர் நிருவாகம் என்பது அதன் கொள்கையாயிற்று. தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதி அதன் பணிக்களமாயிற்று. சமைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துவைக்கும் கைப்பிடி அரிசிக் காணிக்கை தமிழ்ச் சபைகளில் நன்கறியப்பட்ட வழக்கமாகும். அயலார் கொடையால் வளர்ந்த மக்கள், தம் சிறு கொடையால் பிறரைத் தாங்க முன்வந்தமையே இவ்வரலாற்றின் சிறப்பு எனலாம்.

சட்டங்கள் வகுத்த வரம்புகள்

இன்று இக்கொடை இரு நாட்டுச் சட்டங்களைக் கடந்தாக வேண்டும். சிங்கப்பூரில் வெளிநாட்டு அறப்பணிக்கெனப் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். திரட்டிய நிகரத் தொகையில் குறைந்தது 80 விழுக்காடு சிங்கப்பூருக்குள்ளேயே பயன்பட வேண்டும் என்பது பொதுவிதி. இடர்நிவாரணம் போன்றவற்றிற்கு ஆணையர் இதனைத் தளர்த்தலாம். 2025 சனவரி முதல் 2028 திசம்பர் வரையிலான ஒரு திட்டத்தின்கீழ், வெளிநாட்டு அவசர மனிதநேய உதவிக்கெனத் தெரிவுபெற்ற அறநிறுவனங்கள்வழித் தரும் கொடைக்கு 100 விழுக்காடு வரிக்கழிவு உண்டு. ஆயின், அவசர உதவி வேறு. ஆண்டுக்கணக்கில் நடக்கும் பள்ளியோ கிணறோ வேறு. பின்னவை இச்சலுகையில் அடங்கா.

இந்தியாவில் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் முதலில் 1976இலும் பின்னர் 2010இலும் இயற்றப்பட்டது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இத்தகைய தொகை முதலில் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையின் கணக்கிற்கே வர வேண்டும். பெற்ற நிறுவனம் அதனை வேறு நிறுவனத்திற்கு மாற்றித் தருதல் கூடாது. நிருவாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது. ஒரே சபையில் அருகருகே அமர்ந்து வழிபடும் இருவருள், இந்தியக் குடியுரிமை உடையவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து தருவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை உடையவர் தருவது அவ்வாறு கொள்ளப்படும்.

கட்டளையின் சிக்கல்

கொடையாளரின் விருப்பமும் பெறுவோரின் தேவையும் எப்போதும் ஒன்றாய் இருப்பதில்லை. 2004 திசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, அப்பணிக்கெனப் போதிய நிதி சேர்ந்துவிட்டதென்று சில நாள்களிலேயே அறிவித்தது. எஞ்சிய தொகையைப் பிற இடங்களில் செலவிடவும் கொடையாளரின் இசைவைக் கேட்டது. இசைவு பெறாமல் மாற்றுவது நம்பிக்கைக்கு மாறானது; மாற்றாமலே வைத்திருப்பது தேவையுடையார்க்கு மாறானது. கட்டடத்திற்குக் கொடுப்போர் அதன் ஆசிரியர் ஊதியத்திற்குக் கொடுக்கத் தயங்குவதும் இத்தகையதே. விளக்கை ஏற்றியவர் நெய்யையும் எண்ணியதைக் கல்வெட்டுகள் நமக்குக் காட்டுகின்றன.

கேலாங் உணர்த்துவது

கிறித்துவ மருத்துவர் முதலியோர் முயற்சியால் 2006இல் தொடங்கப்பட்ட ஹெல்த்சர்வ் என்னும் அமைப்பு, வெளிநாட்டுத் தொழிலாளர்க்குக் குறைந்த கட்டணத்தில் மருத்துவம் அளிக்கும் மருந்தகத்தைக் கேலாங்கில் நடத்தியது. வங்கதேசம், சீனம், தமிழகம் முதலிய இடங்களிலிருந்து வந்தோர்க்கு ஆற்றிய இத்தொண்டு, சட்டத்தின் பார்வையில் உள்நாட்டுப் பணியே. தொழிலாளியின் ஊருக்கு அனுப்பும் உதவி எல்லை கடக்கின்றது. கேலாங்கில் அவருக்கே செய்யும் உதவி எல்லைக்குள் நிற்கின்றது. பயன்பெறும் குடும்பமோ ஒன்றே.

முடிவுரை

கட்டளைக் கொடை பொருளுக்கு நோக்கம் தருகின்றது. கணக்கிற்குத் தெளிவு தருகின்றது. அது சிறக்க மூன்று நெறிகள் தேவை எனக் கருதுகின்றோம். கட்டளையைத் தனிப்பொருளுக்கு எனக் குறுக்காமல் பணிக்கு என விரித்து வகுத்தல். தேவை மாறின் தொகையை எவ்வாறு பயன்படுத்துவது என்பதை முன்னரே எழுதிவைத்தல். பெறுவோரைக் கலந்து கட்டளை இடுதல். இவற்றுள் மூன்றாவதே முதன்மையானது. பெறுவோர் குரலும் கேட்கப்படும்போதுதான் கொடை அறமாக நிலைபெறும்.