காரைச் சுவரும் கரிப்புகையும்

பழைய வீட்டைச் சீர்ப்படுத்த இறங்குபவர்கள் முதலில் கைவைப்பது சுவர்களில்தான். விறகடுப்புப் புகை ஏறிய சமையற்கட்டு, விளக்குக் கரி படிந்த மாடம், சாய்ந்து உட்கார்ந்தவர்களின் தலையெண்ணெய் ஊறிக் கறுத்த கூடத்துச் சுவர் எல்லாம் ஒரே நாளில் வெளுத்தாக வேண்டும் என்று ஆசிட்டையும் கம்பி பிரஷ்ஷையும் எடுக்கிறார்கள். செட்டிநாட்டிலும் தஞ்சைப் பக்கத்திலும் இன்னும் நிற்கிற சுண்ணாம்புக் காரை வீடுகளுக்கு அந்த அழுக்கு செய்த கேடு கொஞ்சம்தான். அதைப் போக்கும் அவசரம் செய்கிற கேடு பெரிது. சிமெண்ட் சுவருக்குப் பழகிய கை, காரைச் சுவரையும் அப்படியே நினைத்துவிடுகிறது.

காரை என்பது என்ன? சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 900 டிகிரி சூட்டில் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்து, பல ஊர்களில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பூசியது. பூசியபின் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்லத் திரும்பவும் கல்லாகிறது. இதன்மேல் ஆசிட் பட்டால் உடனே நுரைக்கும்; அழுக்கு கழன்று வருகிறது என்று தோன்றும். அங்கே நுரைத்துக் கரைவது சுவர். அதோடும் முடிவதில்லை. கடையில் விற்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சுண்ணாம்போடு சேர்ந்தால் கால்சியம் குளோரைடு என்ற உப்பு உண்டாகிறது. காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் உப்பு அது. மழைக்காலம் வந்தால் அந்த இடம் மட்டும் நசநசவென்றிருக்கும். வினிகரும் எலுமிச்சையும் வீரியம் குறைந்தவை, ஆனால் வேலை அதேதான். ஆசிட் அடித்த இடத்தில் பிளீச்சிங் பவுடரையும் போடுவது உயிருக்கே ஆபத்து. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

அப்படியானால் வெறும் தண்ணீரில் கழுவலாமே என்று கேட்கலாம். புகைக்கரி மிக நுண்ணிய கரித்தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்த படிவு. ஈரத்துணி அதை மையாகக் குழைத்துக் காரையின் நுண்துளைகளுக்குள் தள்ளிவிடும், பிறகு எதற்கும் வராது. ஆகவே முதல் வேலை முழுக்க உலர்ந்ததாகவே இருக்க வேண்டும். ஒட்டடைக் கம்பு, மென்மயிர் பிரஷ், அதன்பின் கரியைத் தன்மேல் ஒட்டியெடுக்கும் உலர்ந்த ரப்பர் ஸ்பாஞ்ச். தேய்க்காமல், மேலிருந்து கீழாக ஒரே திசையில் இழுக்க வேண்டும். 1625இல் வாட்டிகனின் சிஸ்டைன் தேவாலய விதானத்து ஓவியங்களைத் துணியாலும் ரொட்டித் துண்டுகளாலும் ஒற்றித்தான் துடைத்தார்கள். நம் ஊர் வெக்கையில் ரொட்டித் துணுக்கு எறும்பையும் பூசணத்தையும் கூட்டிவரும் என்பதால் ஸ்பாஞ்சே மேல்.

இவ்வளவுக்கும் பிறகு நிற்கும் பிசுக்குக்குத்தான் தண்ணீர். அதற்கு முன் சுவரை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். விரலில் வெள்ளை ஒட்டினால் அது வெறும் வெள்ளையடிப்பு. கழுவினால் கரைந்து வழியும், சுரண்டி மறுபடி அடிப்பதே வழி. ஒட்டாவிட்டால் ஒரு வாளித் தண்ணீரில் சிறிதளவு சோப்புக் கரைசல் விட்டு, நன்றாகப் பிழிந்த துணியால் கீழிருந்து மேலாகத் துடைக்கலாம். தலைகீழாகத் தோன்றும். ஆனால் மேலே தொடங்கினால், உலர்ந்த அழுக்கின்மீது வழிந்திறங்கும் கறுப்புநீர் போட்ட கோடுகளை எடுப்பதுதான் பெரும்பாடு. சமையற்கட்டின் தடித்த பிசுக்குக்குக் கொஞ்சம் சலவை சோடா உதவும். அது தங்கினால் உப்பாகப் பூக்கும், எனவே நல்ல தண்ணீரில் இரண்டு முறை ஒற்றி எடுக்க வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு, மேலே எமல்ஷன் அடித்தால் எல்லாம் மறைந்துவிடாதா என்பது நியாயமான கேள்வி. கூலி விற்கிற விலையில் அது எழாமல் இராது. ஆனால் பிசுக்கின்மேல் எந்தப் பூச்சும் பிடிக்காது, கரியும் பழுப்புக் கறையாக மேலே வந்துவிடும். அதைவிட முக்கியமானது ஈரம். பழைய அடித்தளங்கள் பலவற்றில் ஈரத்தடுப்பு கிடையாது. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் காரை வழியாக மூச்சுவிடுவதுபோல் வெளியேறுகிறது. பிளாஸ்டிக் தன்மையுள்ள பெயிண்ட் அந்த வழியை அடைத்தால், உப்பு உள்ளேயே திரண்டு காரையோடு சேர்த்து உப்பிப் பெயர்க்கும். கீழே இரண்டு மூன்று அடி உயரம் மட்டும் உதிரும் சுவர்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான். பூசணமும் அப்படியே: கசிவை நிறுத்தாமல் கழுவினால் அடுத்த மழைக்குத் திரும்பி வரும். கூடத்தில் இடுப்புயரத்துக்குப் பழைய எனாமல் பெயிண்ட் இருந்தால் உப்புத்தாள் போடவே கூடாது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சின் தூசி குழந்தைகளுக்கு நஞ்சாகலாம்.

துடைத்த சுவர் புதுச்சுவர்போல் பளிச்சென்று ஆகாது, ஆகவும் வேண்டாம். பிசுக்குப் போனால் போதும், மிச்ச மங்கலைச் சுண்ணாம்பு பார்த்துக்கொள்ளும். கடுங்காரமான புதுச் சுண்ணாம்பில் பூசணம் எளிதில் பிடிக்காது. சுவரை லேசாக நனைத்து, பால்போல் நீர்க்கக் கரைத்த சுண்ணாம்பை மூன்று நான்கு முறை அடிக்க வேண்டும். அடிக்கும்போது பூச்சு கண்ணாடிபோல் தெரியும், காய்ந்த பிறகே வெளுக்கும். வெளுக்கவில்லையே என்று முதல் பூச்சையே கெட்டியாக அடித்தால் செதில் செதிலாக உதிர்ந்துவிடும்.