காணிக் கணக்குக்கு ஒரே சூத்திரம்

மண்சரிவினால் இடம்பெயர்ந்த குடும்பத்துக்குக் காணிக் கணக்கு வாழ்வின் கணக்காகும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் நிகழ்ந்ததை நாம் மறந்துவிடவில்லை.

எமது உறுதிகளில் காணி ஏக்கர், ரூட், பேர்ச்சஸ் என எழுதப்படுகின்றது. ஒரு ஏக்கர் 4 ரூட். ஒரு ரூட் 40 பேர்ச்சஸ். கணனியின் எக்ஸெல் தாளில் இதற்கென ஆயத்தச் சூத்திரம் கிடையாது. சங்கக் கணக்கைப் பார்க்கும் பிள்ளைகள் விபிஏ மூலம் ஒன்றை அமைத்துக்கொள்ளலாம்: ஏக்கரை 160ஆலும் ரூட்டை 40ஆலும் பெருக்கிப் பேர்ச்சஸுடன் கூட்ட வேண்டும். 1 ஏக்கர் 2 ரூட் 15 பேர்ச்சஸ் என்றால் விடை 255.

ஆனால் ஒரு கோப்பில் எழுதிய சூத்திரம் அடுத்த கோப்புக்குத் தானாக வராது. ஒவ்வொரு பட்டியலிலும் திரும்ப எழுதினால் என்ன நேரும்? ஓரிடத்தில் 40க்குப் பதில் 4 என விழுந்தால் விடை 183 ஆகிவிடும். குறைவது 72 பேர்ச்சஸ். ஏழு பேர்ச்சஸ் வீதம் பத்து வீட்டுக் காணி!

இதற்கு வழி, சூத்திரத்தை ஒரே இடத்தில் வைப்பதாகும். வெற்றுக் கோப்பொன்றில் அதை எழுதி, சேமிக்கும்போது ‘எக்ஸெல் அட்-இன்’ என்ற வகையைத் தெரிவுசெய்க. எக்ஸெல் காட்டும் கோப்புறையிலேயே சேமியுங்கள். பின்னர் ‘ஒப்ஷன்ஸ்’ பகுதியில் ‘அட்-இன்ஸ்’ பட்டியலைத் திறந்து அதன் பெயருக்கு அடையாளமிடுங்கள். அந்தக் கணனியில் திறக்கும் எல்லாக் கோப்புகளிலும் அது இயங்கும். திருத்தம் தேவையானால் ஓரிடத்தில் திருத்தினாற் போதும்.

எல்லாக் கோப்பையும் எட்டும் வழி தீமைக்கும் வழியாகலாம். 1996இல் கண்டுபிடிக்கப்பட்ட லாரூ என்னும் வைரஸ், எக்ஸெலின் தொடக்கக் கோப்புறையில் புகுந்தே மற்றக் கோப்புகளுக்குப் பரவியது. இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மக்ரோக்களை மைக்ரோசொப்ட் 2022இல் இயல்பாகவே தடுக்கத் தொடங்கியது. ஆகவே ‘எல்லா மக்ரோவையும் அனுமதி’ என்ற தெரிவை ஒருபோதும் இடாதீர்கள். பிறர் பென் டிரைவில் தரும் அட்-இன்னை ஆராயாமல் சேர்க்க வேண்டாம்.

பிரதேச செயலகத்துக்குப் பட்டியல் அனுப்புமுன் சூத்திரங்களை வெறும் எண்களாக மாற்றி ஒட்டுங்கள். அங்குள்ள கணனியில் உங்கள் அட்-இன் இராது. விடைக்குப் பதில் பிழைக் குறி தோன்றலாம்.

இறுதியாக, ஒரு குடும்பத்தின் காணியையாவது கையால் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். கணனி சொன்னது என்பதற்காக மட்டும் கையெழுத்திட வேண்டாம்.